தேன்பெட்டி ஏன் காலியாகிறது?

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, மார்த்தாண்டம் பக்கம் போனவர்கள், ரப்பர் தோட்டங்களுக்குள் கால் நட்டு நிறுத்திய சின்னச் சின்ன மரப்பெட்டிகளைப் பார்த்திருப்பார்கள். எல்லாம் தேனீப் பெட்டிகள். வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், தேன் விலைக்கு அடுத்தபடியாக வருகிற பேச்சு ஒன்று உண்டு: "ஈ போயிட்டு." சில வாரங்களுக்கு முன்பு வாசலில் மொய்த்துக் கிடந்த பெட்டிதான். இப்போது மூடியைத் திறந்தால் அடைகள் அப்படியே இருக்கின்றன. ஓரத்தில் கொஞ்சம் தேன்கூட மிச்சமிருக்கலாம். ஈயை மட்டும் காணோம்.

யாராவது பூச்சிமருந்து தெளித்திருந்தால் பெட்டிக்கு முன்னால் செத்த ஈக்கள் குவிந்து கிடக்கும். குளவியோ எறும்போ புகுந்திருந்தால் சிறகும் காலுமாவது சிதறியிருக்கும். பட்டினி என்றால் தேன் மிஞ்சியிருக்காது. பிணமும் இல்லை, சண்டை நடந்த தடயமும் இல்லை. பல்லாயிரம் ஈக்கள் வாழ்ந்த குடும்பம் எங்கே போயிற்று?

விடை பெரும்பாலும் அந்த அடையிலேயே எழுதியிருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். நலமான குடும்பத்தின் புழு அடையில், மெழுகு மூடியிட்ட அறைகள் இடைவெளி இல்லாமல் நெருக்கமாக இருக்கும். நோய் கண்ட அடையில் மூடிய அறைகளுக்கு நடுவே அங்கங்கே சில அறைகள் திறந்து கிடக்கும். உள்ளே ஒரு புழு நீட்டிப் படுத்து, தலையை மட்டும் வாசல் பக்கம் தூக்கியிருக்கும். முத்து வெள்ளையாக இருக்க வேண்டிய உடம்பு மஞ்சளாகி, தலைப் பக்கத்திலிருந்து பழுப்பேறும். இடுக்கியால் மெல்லப் பிடித்துத் தூக்கினால் புழு முழுசாக வரும், நீர் நிரம்பிய ஒரு பையாக. குத்தினால் தெளிந்த நீர் கசியும். நாற்றம் அனேகமாக இருக்காது. எடுக்காமல் விட்டால் சில நாளில் காய்ந்து கறுத்து, அறையோடு ஒட்டாத செதிலாகிவிடும். பாக்டீரியாவால் வரும் வேறொரு புழு நோயில், அறைக்குள் தீக்குச்சியை விட்டு இழுத்தால் நூல் நூலாகச் சளி வரும். இங்கே அப்படி வராது. இந்த நோயைப் பைப்புழு நோய் என்று சொல்லலாம். தென்னிந்தியத் தேனீ வளர்ப்பைத் தரைமட்டமாக்கியது இதுதான்.

1976-ல் தாய்லாந்தில் இந்த நோயைத் தரும் வைரஸின் ஒரு வகை, ஆசியாவின் சொந்தத் தேனீயான அடுக்குத் தேனீயைத் தாக்குவது தெரிய வந்தது. இந்தியத் தேனீ என்று நாம் அழைப்பதும், பெட்டியில் வளர்ப்பதும் இந்த இனத்தைத்தான். 1970-களின் இறுதியில் நோய் நம் வடகிழக்கு மாநிலங்களுக்கு வந்தது. 1991-ல் கேரளத்தின் தென்பகுதியில் தலைகாட்டி, ஓரிரு ஆண்டுகளில் கேரளம், குமரி, கர்நாடகம் எனப் பரவியது. போன இடங்களில் பத்துக்கு ஒன்பது பெட்டிகளுக்கு மேல் காலியாயின. 1920-களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. ஊரக மையம் சிறு விவசாயிகளுக்குக் கற்றுக்கொடுத்து வளர்த்த தொழில் அது. மூன்று தலைமுறை சேர்த்த பெட்டிகள் விறகாயின. அந்தச் சோகத்தை அறிவியலின் கண்ணால் ஒருமுறை பார்ப்பது, இன்று பெட்டி வைக்க நினைக்கும் ஒவ்வொருவருக்கும் அவசியம் என்று நினைக்கிறேன்.

முதல் கேள்வி. நோய் கண்ணுக்குத் தெரியக் கொல்வது புழுக்களை மட்டும். பறக்கிற ஈ எதுவும் பைப்புழுவாகச் சாவதில்லை. அப்படியிருக்க, பெரியவர்கள் நிறைந்த குடும்பம் ஏன் காலியாகிறது?

வேலைக்காரத் தேனீயின் ஆயுளில் இதற்கு விடை இருக்கிறது. முட்டையிலிருந்து சிறகு முளைத்து வெளியே வர ஏறக்குறைய மூன்று வாரம். வந்த பிறகு வேலை மும்முரமான காலத்தில் ஐந்தாறு வாரமே வாழ்வு. 12,000 ஈக்கள் கொண்ட குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். சராசரி ஆயுள் 40 நாள் என்றால், ஒவ்வொரு நாளும் 300 ஈக்கள் சாகின்றன, எந்த நோயும் இல்லாமலே. பெரும்பாலானவை வெளியே இரை தேடப் போன இடத்தில் விழுந்து சாவதால் நாம் பார்ப்பதில்லை. ராணி அன்றாடம் சில நூறு முட்டை இட்டுக்கொண்டே இருப்பதால் கணக்கு நேராகிறது. மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் குழாய்கள் எல்லாம் திறந்திருக்கின்றன, மோட்டாரும் ஓடுகிறது, நீர்மட்டம் மாறாமல் நிற்கிறது. மோட்டாரை நிறுத்தினால் தொட்டியில் ஓட்டை எதுவும் விழவில்லை, ஆனாலும் தொட்டி வற்றும். புழுக்கள் சாகும் குடும்பத்தில் நடப்பது அதுதான். முதல் இரண்டு மூன்று வாரம் வாசலில் போக்குவரத்து குறைந்ததுபோலவே தெரியாது. வளர்ப்பவர் நிம்மதியாக இருப்பார். கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

குடும்பம் சுருங்கும்போது இரண்டாவது நிகழ்ச்சி தொடங்குகிறது. நம் அடுக்குத் தேனீக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. இருக்கும் இடம் சரியில்லை என்றால் ராணியோடு மொத்தக் குடும்பமும் வீட்டை விட்டுப் போய்விடும். பூக்காலத்தில் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு புதுவீடு தேடிப் போவது வேறு. அது குடி பிரிதல், பின்னால் ஒரு குடும்பம் மிஞ்சும். இது குடி விட்டோடுதல், பின்னால் எதுவும் மிஞ்சாது. கறையான் புற்றிலும் மரப்பொந்திலும் வாழ்ந்த காலத்தில், எறும்பு வந்தாலும் வறட்சி வந்தாலும் பிழைக்க இதுவே வழி. பெட்டி வைத்தவருக்குத்தான் இழப்பு. வாசலில் ராணி மட்டும் வெளியேற முடியாத தடுப்புத் தகடு வைத்துச் சிலர் நிறுத்திப் பார்ப்பார்கள். ஆனால் காரணம் உள்ளேயே இருக்கும்போது தடுப்பு எவ்வளவு நாள் தாங்கும்? ஈ போன மறுநாளிலிருந்து மெழுகு அந்துப்பூச்சி அடையைத் துளைக்கத் தொடங்கும். பலரும் அந்துப்பூச்சியின் வலையையும் புழுவையும் பார்த்துவிட்டு, ஈ போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறார்கள். வலுவான குடும்பம் அந்துப்பூச்சியைத் தானே விரட்டிவிடும். அது நிறைந்து காண்கிறதென்றால், குடும்பம் முன்பே தளர்ந்துவிட்டது என்று பொருள்.

இனி நோயின் உள்ளே போவோம். இது வைரஸ் என்று எப்படித் தெரிந்தது? அமெரிக்க வேளாண் துறையில் ஜி.எஃப். வைட் என்பவர் 1913-ல் வெளியிட்ட வேலை இது. செத்த புழுக்களை நீரில் நசுக்கி, பாக்டீரியாவை நிறுத்திவிடும் அளவுக்கு நுண்ணிய துளைகள் கொண்ட வடிகட்டியில் ஊற்றினார். வடிந்த தெளிவான நீரைச் சர்க்கரைப் பாகில் கலந்து நலமான குடும்பத்துக்குக் கொடுத்தார். அங்கேயும் புழுக்கள் பையாகின. பாக்டீரியா புக முடியாத துளையில் புகுந்து வந்த ஏதோ ஒன்று நோயைத் தந்திருக்கிறது. அதைக் கண்ணால் பார்க்க வழியில்லாத காலம் அது. 1960-களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் லெஸ்லி பெய்லியும் உடன் பணியாற்றியவர்களும் அந்தத் துகள்களைத் தனியே பிரித்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஒரு மில்லிமீட்டரின் 10 லட்சம் பங்கில் 30 பங்கு குறுக்களவுள்ள உருண்டைகள். தலைமுடி ஒன்றின் அகலத்துக்கு 2,000-க்கு மேல் அடுக்கலாம்.

புழு பையாவதற்கும் காரணம் இருக்கிறது. வளரும் புழு பழைய தோலைக் கழற்றுமுன், தோலுக்கடியில் ஒரு நீரைச் சுரந்து அதன் உட்படலத்தைக் கரைக்கும். வைரஸ் பெருகிய புழுவில் உட்படலம் கரைவதில்லை. நீர் சுரந்துகொண்டே இருக்கிறது, தோல் கழலாமல் நிற்கிறது. கூட்டுப்புழுவாக மாற வேண்டிய கடைசிக் கட்டத்தில் பிள்ளை தன் பழைய சட்டைக்குள்ளேயே மூழ்கிவிடுகிறது.

தொற்று புழுவிலிருந்து புழுவுக்குத் தானாகப் போவதில்லை, ஏனென்றால் ஒவ்வொன்றும் தனி அறையில் இருக்கிறது. இடையில் ஒரு கை வேண்டும். அந்தக் கை செவிலித் தேனீயினுடையது. இளம் வேலைக்காரத் தேனீக்கள் முதலில் அறை துப்புரவு செய்கின்றன, பிறகு புழுக்களுக்கு ஊட்டுகின்றன. செத்த புழுவை இழுத்துப்போடும்போது அந்த நீர் வாயில் படுகிறது. வைரஸ் ஈயின் உடம்பில் பெருகுகிறது, அதுவும் தலையில் இருக்கும் பால் சுரப்பிகளில். அடுத்த பசித்த புழுவுக்கு ஊட்டும் பாலோடு நோயும் போகிறது. தாய்மையே நோயின் பாதையாக அமைந்துவிட்ட கொடுமை இது.

பெய்லியின் வேலையில் என்னை மிகவும் கவர்ந்தது இதற்கு அடுத்த பகுதி. தொற்றிய இளம் ஈக்கள் பார்வைக்கு நலமாகத்தான் இருக்கின்றன. ஆனால் மகரந்தம் சாப்பிடுவதை நிறுத்திவிடுகின்றன. மகரந்தம் இல்லாமல் பால் சுரக்காது. ஆகவே செவிலி வேலையை விட்டு, வயதுக்கு முன்பே வெளியே இரை தேடப் போய்விடுகின்றன. அங்கேயும் மகரந்தம் கொண்டுவருவது அபூர்வம், விரைவில் சாகவும் செய்கின்றன. தனி ஈக்கு இது கேடு. குடும்பத்துக்கு இது காவல். நோயைச் சுமப்பவர்கள் பிள்ளைகளை விட்டு விலகிப் போகிறார்கள். ஐரோப்பியத் தேனீயில் இந்த நோய் பெரும்பாலும் ஒரு பருவம் தலைகாட்டிவிட்டுத் தானே அடங்குவதற்கு இந்த விலகல் ஒரு காரணம். நம் அடுக்குத் தேனீயைத் தாக்கும் வைரஸ் வகையிடம் அந்தத் தற்காப்பு போதவில்லை. புழு மிகுந்து வளர்ந்த ஈ குறைந்திருக்கும் நேரத்தில், அதாவது தேன் வரத்துக்குச் சற்று முன்பு குடும்பம் பெருகத் தொடங்கும் நாட்களில், விலகிப் போன செவிலிகளின் இடத்தை நிரப்ப ஆள் இருப்பதில்லை. சீனாவின் குவாங்தோங் பகுதியில் 1972-ல் நடந்ததும், தென்கொரியாவில் 2009-க்குப் பின் நடந்ததும் இதே கதைதான்.

காட்டிலும் இந்த வைரஸ் இருந்திருக்கலாமே, அங்கே ஏன் இப்படி அழிக்கவில்லை என்று கேட்கலாம். பெட்டிதான் இங்கே விஷயம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார், நம் சிறிய தேனீக்கு ஏற்ற அளவில் சட்டம் எடுத்து மாட்டக்கூடிய பெட்டியை வடிவமைத்தார். அடையைப் பிழியாமல், குடும்பத்தைக் கொல்லாமல் தேன் எடுக்க அது வழி செய்தது. மாபெரும் உதவி, சந்தேகமில்லை. அதோடு கூடவே வந்தது நெருக்கம். காட்டில் குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் இடையில் நல்ல தொலைவு இருக்கும். நோய்க்கிருமி பிழைக்க வேண்டுமானால் தாய்க் குடும்பம் பிரிந்து மகள் குடும்பம் உண்டாகும்வரை அதை உயிரோடு விட்டுவைத்தாக வேண்டும். குடும்பத்தை உடனே கொல்லும் வைரஸ் அதனோடு தானும் அழியும். தோட்டத்தில் அடுத்தடுத்து 50 பெட்டி இருந்தால் அந்தக் கட்டுப்பாடு போய்விடுகிறது. வழி தவறிய ஈ பக்கத்துப் பெட்டியில் புகும். வலுத்த பெட்டி ஈக்கள் நலிந்த பெட்டியின் தேனைக் கொள்ளையிடும். நாமே ஒரு பெட்டியின் சட்டத்தை எடுத்து இன்னொன்றில் மாட்டுவோம். ரப்பர் தளிர்விடும் ஜனவரி முதல் மார்ச் வரை, மூன்று இலை சேரும் காம்பு நுனியில் இனிப்பு நீர் சுரக்கும். அந்தத் தேனுக்காகப் பெட்டிகளை இரவோடு இரவாக வண்டியில் ஏற்றி ஊர் விட்டு ஊர் கொண்டுபோவோம். கடுமையான வைரஸுக்கும் இப்படிப் போக்கிடம் கிடைத்துவிடுகிறது.

பெட்டிகள் அழிந்த பிறகு இரண்டு வழி தெரிந்தது. ஒன்று, இத்தாலியத் தேனீ. 1960-களில் இமாச்சலத்தின் நக்ரோட்டா பக்வானில் நிலைநிறுத்தப்பட்ட இந்த ஐரோப்பிய இனம், தாய்லாந்து வகை வைரஸுக்கு எளிதில் பணிவதில்லை. தேனும் அதிகம் தரும். தெற்கே 1990-களில் பலர் அதற்கு மாறினார்கள். ஆனால் அதற்கு வேறொரு எமன் காத்திருந்தது. வரோவா என்ற சிவந்த உண்ணி. நம் அடுக்குத் தேனீயில் பன்னெடுங்காலமாக வாழ்ந்து பழகிய ஒட்டுண்ணி அது. நம் ஈ அதைக் கண்டால் உடம்பிலிருந்து எடுத்துப் போடும். உண்ணியும் நம் ஈயின் வேலைக்காரப் புழுக்களில் பெருகாமல் ஆண் தேனீப் புழுக்களில் மட்டுமே பெருகி அளவோடு இருந்துவிடும். பழக்கமில்லாத ஐரோப்பியத் தேனீயில் இரண்டு வகைப் புழுவிலும் பெருகி, சிகிச்சை செய்யாவிட்டால் ஓரிரு ஆண்டில் குடும்பத்தையே சாய்த்துவிடும். இத்தாலியத் தேனீ வைத்தவர் மருந்து இல்லாமல் தொழில் நடத்துவது கடினம். ஒரு நோயிலிருந்து தப்பி இன்னொன்றின் கையில் போய் விழுந்த கதை.

இரண்டாவது வழி, மிஞ்சியவை. பத்தில் ஒன்பது போனது என்றால் ஒன்று பிழைத்தது என்றும் பொருள். அந்த ஒன்றிலிருந்தும், சுவர் இடுக்கிலும் புற்றிலும் தங்கிய காட்டுக் குடும்பங்களிலிருந்தும் குமரியிலும் கேரளத்திலும் இந்தியத் தேனீ திரும்ப எழுந்தது. 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததன் பின்னால் இந்த மீட்சி இருக்கிறது. எந்த மருந்தும் இதைச் செய்யவில்லை. வைரஸுக்கு மருந்தே கிடையாது. ஆன்டிபயாட்டிக் பாகில் கலந்து கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை, தேனில் மருந்தெச்சம்தான் சேரும்.

பிழைத்தவற்றிடம் என்ன இருந்தது? ஒரு பகுதி விடை, அமெரிக்காவில் வால்டர் ரோத்தன்புலர் 1964-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து கிடைக்கிறது. அவர் படித்தது வேறொரு புழு நோய். செத்த புழுவின் மூடியைத் திறந்து வெளியே தள்ளிவிடும் தேனீ வரிசை ஒன்று, அப்படியே விட்டுவிடும் வரிசை ஒன்று என இரண்டை எடுத்து இணைத்தார். பிறந்தவை எல்லாம் துப்புரவு செய்யாதவை. அவற்றைத் திரும்பத் துப்புரவு வரிசையோடு இணைத்து 29 குடும்பங்கள் உண்டாக்கினார். 6 குடும்பங்கள் மூடியைத் திறந்து புழுவை அகற்றின. 9 குடும்பங்கள் மூடியைத் திறந்தன, புழுவைத் தொடவில்லை. மீதி 14 எதுவும் செய்யவில்லை. அந்த 14-ல் ரோத்தன்புலரே மூடியைத் திறந்து வைத்தார். உடனே 6 குடும்பங்கள் புழுவை வெளியே எடுத்துப் போட்டன! திறப்பது ஒரு குணம், அகற்றுவது தனிக் குணம், இரண்டும் பரம்பரையாக வருபவை என்று தெரிந்தது. இரண்டே மரபணுவில் முடிகிற விஷயமில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் துப்புரவுக் குணம் தாயிடமிருந்து மகளுக்கு இறங்குகிறது என்ற அடிப்படை நிற்கிறது. நோய் முற்றி வைரஸ் பெருகுவதற்கு முன்பே புழுவை அகற்றும் குடும்பம் சங்கிலியை அறுத்துவிடுகிறது.

இதைச் சோதிப்பது எளிது. மூடிய புழு அறைகளில் 100-ஐக் குறித்துக்கொண்டு, மெல்லிய ஊசியால் குத்திப் புழுவைக் கொன்றுவிட்டு, மறுநாள் எத்தனை அறை துப்புரவாகியிருக்கிறது என்று எண்ண வேண்டும். பெட்டிக்குப் பெட்டி வேறுபாடு கண்கூடாகத் தெரியும்.

அப்படியானால் நல்ல பெட்டியைத் தேர்ந்து பெருக்கினால் முடிந்ததா? இங்கேதான் தேனீ மற்ற வளர்ப்புப் பிராணிகளிலிருந்து முற்றிலும் வேறுபடுகிறது. மாட்டுக்குக் காளையை நாம் தேர்ந்தெடுக்கலாம். இளம் ராணி வானில் பறந்துபோய், சுற்றுவட்டாரப் பெட்டிகளிலிருந்தும் காட்டிலிருந்தும் வந்த பத்துக்கும் மேற்பட்ட ஆண் தேனீக்களோடு கூடித் திரும்புகிறது. அந்த விந்தை வாழ்நாள் முழுவதும் சேமித்து வைத்து முட்டையிடுகிறது. தாய் என் பெட்டி என்றாலும் தந்தைகள் ஊர்ப் பொது. இந்தப் பல ஆண் கலப்பு தேனீக்கு மிகவும் நல்லது. தாமஸ் சீலியும் டேவிட் டார்ப்பியும் 2007-ல், ஒரே ஆணின் விந்து செலுத்திய ராணிகளின் குடும்பங்களையும் பல ஆண்களின் விந்து செலுத்திய ராணிகளின் குடும்பங்களையும் நோய்க்கு உள்ளாக்கி ஒப்பிட்டார்கள். பல தந்தையர் கொண்ட குடும்பங்களில் நோய் லேசாக இருந்தது. ஆனால் இதன் மறுபக்கம், ஒருவர் மட்டும் நல்ல குடும்பம் தேர்ந்து பயனில்லை. பக்கத்துத் தோட்டத்தில் நோய்க்குப் பணியும் பெட்டிகள் 40 இருந்தால் அவற்றின் ஆண்களே என் ராணியைச் சேரும்.

அதனால்தான் தேனீ வளர்ப்பின் பின்னடைவுகளைத் தனி மனிதரின் கவனக்குறைவாகப் பார்ப்பது தவறு என்கிறேன். நோய் ஊர் அளவில் வருகிறது, எதிர்ப்பும் ஊர் அளவில்தான் உருவாகிறது. நோய் கண்ட பெட்டியில் ராணியை இரண்டு வாரம் போலச் சிறு கூண்டில் அடைத்து வைத்தால் புதுப் புழு இல்லாமல் தொற்றுச் சங்கிலி அறும். அனுபவசாலிகள் செய்கிறார்கள், பலனும் உண்டு. நோய் அடையை எரித்துவிடுவதும், மழைக்காலப் பஞ்சத்தில் பாகு கொடுத்துக் குடும்பத்தை வலுவாக வைப்பதும் அவசியம். ஆனால் இவை அவசரத்துக்கு மட்டுமே. நோயில் விழுந்த குடும்பத்தை எப்படியாவது காப்பாற்றி, அடுத்த பருவத்தில் அதையே நான்காகப் பிரித்து விற்பது, நோய்க்குப் பணியும் ரத்தத்தை நான்கு தோட்டத்துக்கு விநியோகிப்பதாகும். பெட்டிக்குக் கேட்பார் அதிகமாகும் பருவத்தில் இது நடக்கிறது.

தேனீ வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் எழுதி, எது நோயில் சாய்ந்தது, எது பக்கத்துப் பெட்டி சாய்ந்தபோதும் நின்றது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பிரிப்பதை நின்ற பெட்டியிலிருந்து பிரியுங்கள். அதன் ராணி அறைகளை அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்கும் கொடுங்கள், அவர்களுடைய ஆண் தேனீக்கள்தான் நாளை உங்கள் ராணியைச் சேரப்போகின்றன. வெளியூரிலிருந்து விலை மலிவாக வரும் பெட்டியை அடையைப் பார்க்காமல் வாங்காதீர்கள். தேனீ வளர்க்காதவர்கள், வீட்டுச் சுவரிலோ மரப்பொந்திலோ குடியேறிய அடுக்குத் தேனீயைத் தீயிட்டோ மருந்தடித்தோ கொல்லாமல், பெட்டி வைத்திருக்கும் ஒருவருக்குச் சொல்லி அனுப்புங்கள்.